ஐப்பசியில் மூடிவைத்த லென்ஸ்

சென்னையில் கேமரா வைத்திருப்பவர்களுக்காக, அதிலும் திருவான்மியூர், பெசன்ட் நகர், சாந்தோம், திருவொற்றியூர் என்று கடலை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் லென்ஸ்களுக்குள் பூஞ்சை பிடித்துவிட்டது. அப்பாவின் சதாபிஷேகத்தில் நான் எடுத்த படங்களில் பாதி அதனால் கெட்டன. ரிப்பேர் செலவு, விலை இறங்கியது எல்லாம் சேர்த்து முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போயிற்று. பணம் போனதைவிட, யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் மாதக்கணக்கில் தனியாக அலைந்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. கேமரா விற்ற கடையில் பை கொடுத்தார்கள், மெமரி கார்டு கொடுத்தார்கள், திரைக்குக் கண்ணாடி ஒட்டித் தந்தார்கள். இந்த ஊர்க் காற்றில் இதை எப்படி வைத்துக் காப்பாற்றுவது என்று ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். படம் எடுப்பது முழுக்க என் ஆசைக்குத்தான், அதில் ஒரு பைசா வரவில்லை, வர வேண்டும் என்று நினைத்ததும் இல்லை. சாதாரண டிஎஸ்எல்ஆர் ஒன்று, அதோடு வந்த 18-55 லென்ஸ், போனஸ் பணத்தில் 14,000 ரூபாய்க்கு வாங்கிய 70-300 ஜூம், எல்லோரும் முதலில் வாங்கும் 50 மி.மீ. எஃப் 1.8, கடைசியாக விளம்பரம் பார்த்து ஒருவரிடமிருந்து 18,000 ரூபாய்க்குப் பழையதாக வாங்கிய, சின்னப் பொருளைக் கிட்டப்போய்ப் பெரிதாக எடுக்க உதவும் 100 மி.மீ. மேக்ரோ. இவ்வளவுதான் என் சொத்து. அந்த வருஷம் ஐப்பசித் தொடக்கத்தில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரி, ஆபரேஷன், பிறகு வீட்டுக்கு வந்து பிசியோதெரபி. 18-55 தவிர, கேமராவையும் மற்ற லென்ஸ்களையும் பையோடு படுக்கையறை மர அலமாரியில் புடவைகளுக்குப் பக்கத்தில் வைத்தது வைத்ததுதான். வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. எங்களுடையது தரைத்தளம், கடற்கரை பத்து நிமிஷ நடை. கார்த்திகை, மார்கழி இரண்டும் போய், பொங்கல் கழிந்து சதாபிஷேகத்துக்காகத்தான் பையைத் திறந்தேன்.

மயிலாப்பூரில் சின்ன ஹால். தொழில்முறை போட்டோகிராபர் ஒருவரை வைத்திருந்தோம். ஆனாலும் அப்பாவின் முகத்தை நான்தான் எடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு மணைவரைக்கும் அவரே நடந்துவந்தார். பேரன் பேத்திகள் கலச தீர்த்தத்தை ஊற்றும்போது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சின்னப் பிள்ளையாகச் சிரித்தார். அத்தனையும் மேக்ரோ லென்ஸில் எடுத்தேன், முகம் எடுக்கவும் அந்த லென்ஸ் அவ்வளவு நன்றாக இருக்கும். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. ராத்திரி லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால், ஹோமத் தீ பின்னால் இருந்த படங்கள் எல்லாவற்றிலும் வெள்ளைத் திரை விழுந்த மாதிரி ஒரு மங்கல். கறுப்பு கறுப்பாக இல்லை, பட்டுக்கரை சிவப்பாக இல்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், ஊதிப் பார்த்தேன், மாறவே இல்லை. அந்த ராத்திரி அழுதேன். வீட்டில் எல்லோரும் "அதான் இன்னொருத்தர் எடுத்திருக்காரே" என்றார்கள். அவர்களுக்கு அது சமாதானம், எனக்கு அது சமாதானம் இல்லை.

மறுநாள் தெருமுனைக் கடைத் தம்பிதான் மொபைல் டார்ச்சை லென்ஸின் பின்பக்கமாக அடித்துக் காட்டினான். "அக்கா, உள்ள பாருங்க. பங்கஸ்." சிலந்தி வலை போல மெல்லிய நூல்கள், நடுவிலிருந்து ஓரத்துக்குப் படர்ந்திருந்தன. ஜூமிலும் இருந்தது. ஐம்பது மி.மீ. லென்ஸில் ஒரு மூலையில் பொட்டு அளவு. எப்போதும் கையில் இருந்த, அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் என் தம்பி மகன் வாங்கிக்கொண்டு போய்ப் படம் எடுத்த, அந்த 18-55 மட்டும் சுத்தமாக இருந்தது.

இதை நீங்களும் இன்றே செய்து பாருங்கள். லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றி, இருட்டறையில், ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து சற்றுச் சாய்த்துப் பாருங்கள். டார்ச்சை நேராகக் கண்ணில் வாங்க வேண்டாம். அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை) வளையம் உள்ள பழைய லென்ஸ் என்றால் அதை முழுக்கத் திறந்து வையுங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிவது பெரும்பாலும் தூசு, அதைப் பற்றிப் பதற வேண்டாம், படத்தில் அது பெரும்பாலும் தெரியாது. நூலாகவோ, கிளைவிட்டோ, பஞ்சு மாதிரியோ தெரிந்தால்தான் பூஞ்சை. பழைய லென்ஸ் வாங்கும்போது இதைச் செய்யாமல் பணம் கொடுக்கக் கூடாது. விற்பவர் "டார்ச் அடிச்சா எல்லா லென்ஸும் அப்படித்தான் தெரியும்" என்று சொன்னால், அதே லென்ஸில் ஜன்னலுக்கு எதிராக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் எதிரே வரும்போதுதான் பூஞ்சை தன்னைக் காட்டிக்கொடுக்கும். என் மேக்ரோ என்னிடம் வருவதற்கு முன்பே பிடித்ததா, என் அலமாரியில் பிடித்ததா என்பது எனக்குக் கடைசிவரை தெரியாது.

அடுத்து ரிப்பேர். மேக்ரோவை மவுன்ட் ரோடு பக்கம் ஒரு கடையில் கொடுத்தேன். "ரெண்டு நாள்ல க்ளீன் பண்ணிடலாம் மேடம், புதுசு மாதிரி ஆயிடும்" என்றார்கள். மூன்று வாரம் ஆயிற்று. போன் அடித்தால் பையன் ஊருக்குப் போயிருக்கிறான், மழையில் கரன்ட் இல்லை, இன்னும் ஒரு நாள் என்றே பதில். 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். உள்ளே பூஞ்சை பெரும்பாலும் இல்லை. ஆனால் படத்தின் இடது பக்கம் எப்போதும் மங்கலாகவே வந்தது. திரும்பக் கொண்டுபோனால், "பழைய லென்ஸ் மேடம், அப்படித்தான் இருக்கும்." ரசீதில் "லென்ஸ் சர்வீஸ்" என்று இரண்டே வார்த்தை. கொடுக்கும்போது அது எப்படி இருந்தது என்பதற்கு என்னிடம் சாட்சியம் ஒன்றும் இல்லை. உள்ளே கண்ணாடிகளைத் திரும்பப் பூட்டும்போது ஒன்று இம்மியளவு சாய்ந்தாலும் இப்படி ஆகுமாம். இதையும் பிறகு வேறொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அதனால் ரிப்பேருக்குக் கொடுக்குமுன் இதைச் செய்துவிடுங்கள். ஹிந்து பேப்பரின் முழுத் தாள் ஒன்றைச் சுவரில் செலோடேப் போட்டு ஒட்டுங்கள். கேமராவை ஸ்டாண்டில் நேராக வைத்து, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து ஒரு படம் எடுங்கள். நான்கு மூலை எழுத்தும் ஒரே மாதிரி தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். அந்தப் படத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, லென்ஸ் திரும்பி வந்ததும் கடையிலேயே அதே மாதிரி ஒன்று எடுத்து ஒப்பிட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். ரசீதில் சீரியல் நம்பர், என்ன குறை, எந்தப் பக்கக் கண்ணாடியைக் கழற்றப் போகிறார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்கிற கடையில் லென்ஸைக் கொடுக்காதீர்கள். இன்னொன்று, பழுது பார்ப்பதற்கு முன்பே ஒரு தொகையை மனதில் முடிவு செய்துகொள்ள வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பார்த்துச் சொல்லவே 600 ரூபாய், பிறகு பாகம் மாற்ற 14,000 என்றார்கள். பழையதாக வாங்கினால் அந்த விலைக்குக் கொஞ்சம் மேலே போட்டு இன்னொரு லென்ஸே வரும். வேண்டாம் என்று எடுத்துவந்தேன்.

திருவல்லிக்கேணியில் சின்ன மாடி அறையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்தான் முதல் முறையாக எனக்கு நிதானமாக விளக்கம் சொன்னார். ஜூமைக் கையில் வாங்கி, கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "பூஞ்சை ஆசிட் விடும்மா. கண்ணாடி மேல இருக்கிற கோட்டிங்க அரிச்சிடும். நான் தொடச்சாலும் தழும்பு போகாது. உங்ககிட்ட காசு வாங்க மனசு வரல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஐம்பதை மட்டும் 1,200 ரூபாய்க்குச் சுத்தம் செய்தார், இன்றுவரை நன்றாக இருக்கிறது. ஜூம் உதிரி பாகத்துக்காக 1,500-க்குப் போயிற்று. பூஞ்சையில் காலம்தான் எல்லாம் என்று அவரிடம் புரிந்துகொண்டேன். படர ஆரம்பித்த சில வாரங்களில் பிடித்தால் துடைத்துவிடலாம், விட்டுவிட்டால் கண்ணாடியே போச்சு.

இனி வைத்துக் காப்பாற்றும் முறை. அலமாரிக்குள் ஈரப்பதம் அளக்கும் சின்ன மீட்டர் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், முந்நூறு நானூறு ரூபாய்தான். கோடைக்கு முன்பே அது 78 சதவீதம் காட்டியது. 60-க்கு மேல் நாள்கணக்கில் இருந்தாலே பூஞ்சைக்குப் போதும், கூடவே இருட்டும் அசையாத காற்றும் இருந்தால் கேட்கவே வேண்டாம். நாம் லென்ஸைப் பத்திரப்படுத்தும் பை இருக்கிறதே, அந்த ஸ்பாஞ்சும் துணியும் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். தோல் உறை அதைவிட மோசம். பை என்பது வெளியே தூக்கிக்கொண்டு போக மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட வேண்டும். ரப்பர் விளிம்பும் நான்கு பக்கமும் கிளிப்பும் உள்ள காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே மீட்டர், சிலிக்கா ஜெல், இது எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட வேலை. மீட்டர் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்க வேண்டும். ரொம்பவும் உலரவிட்டு 30-க்குக் கீழே போனாலும் உள்ளே இருக்கும் மசகும் ரப்பரும் காய்ந்துவிடும் என்பார்கள், அதனால் ஜெல்லை அள்ளிக் கொட்டவும் கூடாது. நிறம் மாறும் ஜெல்லாக வாங்குங்கள். ஆரஞ்சு பச்சையாக மாறினால் அது நிறையக் குடித்துவிட்டது என்று அர்த்தம். நீலம் இளஞ்சிவப்பாக மாறும் வகையும் உண்டு, அதில் கோபால்ட் சேர்ந்த நச்சு இருப்பதால் சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம் என்பேன். நம் ஊர் வெயிலில் காயவைத்தால் ஜெல் பாதிதான் காயும், ஏனென்றால் வெயிலோடு ஈரக்காற்றும் சேர்ந்தே இருக்கிறது. சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு பழைய தட்டில் பரப்பி ஓவனில் 110, 120 டிகிரியில் ஓரிரு மணி நேரம் வைத்தால் மறுபடி பழைய நிறத்துக்கு வந்துவிடும். கேமராவும் லென்ஸும் லட்சத்தைத் தொடும் என்றால் மின்சாரத்தில் ஓடும் டிரை கேபினட் வாங்கிவிடுங்கள். எனக்கு டப்பாவே போதும்.

எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, எடுத்துப் பயன்படுத்துவது. வாரம் ஒரு முறையாவது வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் கொண்டுவாருங்கள். காலை வெயிலில் அரைமணி நேரம் வைத்தால் புறஊதாக் கதிர் பூஞ்சையைத் தடுக்கும் என்று சொல்வார்கள், வைக்கலாம், ஆனால் மூடியில்லாமல் சூரியனை நோக்கி வைத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். லென்ஸ் வெயிலைக் குவித்துத் துணியைப் பற்றவைத்துவிடும். ஏசி அறையிலிருந்து நேராக மொட்டைமாடிக்குக் கொண்டுபோனால் கண்ணாடி முழுக்கப் பனித்துவிடும், அந்த ஈரம் உள்ளேயும் இறங்கும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு திறங்கள். கடற்கரையில் எடுத்துவிட்டு வந்தால், நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் கேமராவின் வெளிப்புறத்தை ஒரு முறை, உலர்ந்த துணியால் ஒரு முறை துடையுங்கள். உப்பு வெறும் துணிக்குப் போகாது. மணல் பறக்கும் இடத்தில் லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள். பூஞ்சை பிடித்த லென்ஸைத் தள்ளி வைப்பது நல்லதுதான், என்றாலும் அதன் விதை எல்லாக் காற்றிலும் எப்போதும் இருக்கிறது. முளைக்க விடுவதும் விடாததும் ஈரத்தின் கையில்.

அப்பாவின் படங்களில் கொஞ்சத்தை மீட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் ரா வடிவத்தில், அதாவது கேமரா பதிந்த முழுத் தகவலும் இருக்கும் கோப்பாக, எடுத்திருந்தேன். சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக்கில் மட்டும் எடுத்திருந்தால் இவ்வளவு செய்திருக்க முடியாது. டார்க்டேபிள் என்று ஒரு மென்பொருள், இலவசம், சந்தா கிடையாது. அதில் மூட்டம் நீக்குவதற்கென்றே ஒரு கருவி உண்டு, அதைக் கொஞ்சமாகப் போட்டு, கறுப்பின் அளவை இறக்கி, முகத்தின் நடுப்பகுதிக்கு மட்டும் கான்ட்ராஸ்ட் ஏற்றினேன். நிறம் ஒத்துழைக்காத படங்களைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். கலச நீர் முகத்தில் வழியும் படம் கறுப்பு வெள்ளையில்தான் உயிர் பெற்றது. மற்ற பாதி மீளவில்லை. அந்த மென்பொருள் முதலில் பார்க்க மிரட்டும். ராதெரபி என்று இன்னொன்று இருக்கிறது, அதுவும் இலவசம். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு படத்தில் பல நாள் உட்காருங்கள், பத்துப் படத்தில் அவசரப்பட வேண்டாம்.

அதன்பிறகு வெகுநாள் புது லென்ஸ் வாங்கப் பணமும் இல்லை, மனதும் இல்லை. கையில் இருந்தது 18-55-உம் ஐம்பதும்தான். அந்த மாதங்களில்தான் நான் ஒழுங்காகப் படம் எடுக்கக் கற்றேன் என்று நினைக்கிறேன். ஐம்பதைத் திருப்பி மாட்ட ஒரு வளையம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. முன்பக்கத்தைக் கேமராவில் பொருத்திவிட்டால் அதுவே மேக்ரோ. தானாக ஃபோகஸ் ஆகாது, நாம்தான் முன்னும் பின்னும் மெதுவாகச் சாய்ந்து பிடிக்க வேண்டும். கூர்மையாகத் தெரியும் இடம் தாள் கனத்துக்குத்தான் இருக்கும். கறிவேப்பிலைச் செடியில் தொத்தியிருந்த மழைத்துளி, அதற்குள் தலைகீழாக எதிர்வீடு, முருங்கைக் காம்பில் எறும்பு, எல்லாம் வாசலிலேயே கிடைத்தன. லென்ஸின் பின்பக்கம் திறந்தபடி வெளியே இருக்கும், அதனால் எடுத்து முடித்ததும் உடனே மூடிவிடுங்கள்.

எனக்கு மிகப் பிடித்தது அறையையே கேமராவாக மாற்றியது. ஜன்னல் முழுவதும் கறுப்பு சார்ட் அட்டை ஒட்டி, கீற்று வெளிச்சம்கூட வராமல் டேப் போட்டு, நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுச் சின்னதாக ஓட்டை போட்டேன். வெளியே நல்ல வெயில் அடிக்க வேண்டும், உள்ளே கண் இருட்டுக்குப் பழகும்வரை பொறுமையாக உட்கார வேண்டும். கொஞ்ச நேரத்தில் எதிர்ச் சுவரில் தென்னை மரமும், தண்ணீர் லாரியும், மாடியில் உலரும் வேட்டியும் தலைகீழாக, நிறத்தோடு அசைந்தன. அப்பாவை நாற்காலியோடு உள்ளே கொண்டுவந்து உட்காரவைத்தேன், சுவரில் தென்னை ஆட அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 800, ஷட்டர் முப்பது விநாடி திறந்தபடி. அவ்வளவு நேரம் அசையாமல் உட்கார அவருக்கு அப்போது சுலபமாக இருந்தது, நடக்கத்தான் சிரமப்பட்டார். லட்ச ரூபாய் லென்ஸ் வைத்திருந்தாலும் அந்தப் படம் எனக்கு வேறு வழியில் வந்திருக்காது.

சித்திரை வெயிலை வீணாக்காமல் சயனோடைப் என்ற நீல அச்சும் செய்து பார்த்தேன். 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை, கேமராவே தேவையில்லை. பச்சை வகை ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம் நூறு மில்லி தண்ணீரில், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம் இன்னொரு நூறு மில்லியில். இரண்டையும் தேவைப்படும்போது மட்டும் சம அளவு கலந்து, மங்கிய வெளிச்சத்தில் வாட்டர்கலர் தாளில் பிரஷால் பூசி, இருட்டில் உலரவிட வேண்டும். கையுறை போடுங்கள், சமையலறைப் பாத்திரம் எதையும் எடுக்காதீர்கள், வீரியமான ஆசிட் எதுவும் அருகே வரவே கூடாது. வேப்பிலைக் கொத்தை மேலே வைத்துக் கண்ணாடியால் அழுத்தி மொட்டைமாடியில் பத்து நிமிஷம். பிறகு தண்ணீரில் அலசினால் ஆழமான நீலம், நடுவில் வெள்ளை இலை. இங்கேயும் ஊர்த் தண்ணீர் என்னைப் படுத்தியது. முதலில் செய்தவை எல்லாம் அலச அலச வெளுத்தன. தாள் சரியில்லை, மருந்து போலி என்று மாற்றி மாற்றி வாங்கி மேலும் இரண்டாயிரம் போல செலவழித்தேன். காரணம் எங்கள் போர் தண்ணீர். காரத்தன்மை உள்ள தண்ணீர் அந்த நீலத்தை அழித்துவிடும். கேன் தண்ணீருக்கு மாறி, முதல் அலசலில் சில சொட்டு வினிகர் விட்டதும் நின்றுவிட்டது.

காசில்லாமல் செய்ய இன்னும் எவ்வளவோ இருக்கிறது. திருவான்மியூர் சிக்னலில் நின்று ஷட்டரை 1/20 விநாடிக்கு இறக்கி, ஓடும் ஷேர் ஆட்டோவோடு சேர்ந்து கேமராவையும் திருப்பினால் ஆட்டோ தெளிவாகவும் தெரு கோடுகளாகவும் வரும். மழை விட்டதும் ரோட்டுக் குட்டையில் மொபைலைத் தலைகீழாகத் தண்ணீரோடு ஒட்டிப் பிடித்தால் கோபுரம் இரண்டாகத் தெரியும். நம் கடல் கிழக்கே இருப்பதால் விடிகாலையில் கரையில் யார் நின்றாலும் நிழலுருவம்தான், அதற்கு எந்த லென்ஸும் போதும்.

இவ்வளவையும் தனியாகச் செய்துகொண்டிருந்த எனக்கு, அலுவலகத் தோழி ஒருத்தி ஞாயிறு காலை கூட்டமாக நடந்தபடியே படம் எடுக்கும் போட்டோ வாக் ஒன்றைச் சொன்னாள். காசிமேட்டில் விடியுமுன் கூடினார்கள். பெரிய பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்கள் நடுவில் என்னை யார் மதிப்பார்கள் என்ற கூச்சத்தோடு போனேன். டீக்கடையில் என் கதையைச் சொன்னதும், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் பையிலிருந்து டார்ச்சை எடுத்து என் ஐம்பதை அப்போதே பார்த்துக் கொடுத்தார். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதை உண்டு. யாரிடம் ரிப்பேருக்குக் கொடுக்கக் கூடாது, யாரிடம் கொடுக்கலாம், எந்தக் கடையில் ஜெல் நன்றாக இருக்கும் என்று ஒரு டீ குடிக்கும் நேரத்தில் எல்லாம் வந்துவிட்டது. இந்த மனிதர்களை ஐப்பசிக்கு முன்னால் சந்தித்திருக்கக் கூடாதா என்று எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த ஆசிரியர்தான் லினேயஸ் டிரைப்பைப் பற்றியும் சொன்னார். 1856-இல் மெட்ராஸ் மாகாண அரசுக்குப் போட்டோகிராபரானவர். 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் அடிப்பீடத்துக் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து 21 படங்களை ஒட்டிப் பத்தொன்பது அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவை வைத்துக்கொண்டு, இதே வெக்கையில்.

குழு தேடுகிறவர்களுக்கு என் எண்ணம் இது. சென்னை வீக்எண்ட் கிளிக்கர்ஸ் மாதிரி வார இறுதி நடைக்குழுக்கள் இருக்கின்றன, போட்டோகிராபிக் சொசைட்டி ஆஃப் மெட்ராஸ் இருக்கிறது, 2016-இல் தொடங்கிய சென்னை போட்டோ பியனாலே என்ற விழா நடக்கும் காலத்தில் ஊர் முழுக்கக் கண்காட்சியும் பட்டறையும் இருக்கும். ஆகஸ்ட் 19 உலக போட்டோகிராபி தினம், 22 மெட்ராஸ் தினம், அந்த ஒரு வாரத்தில் ஏதாவது ஒரு நடை கட்டாயம் கிடைக்கும். பெண்கள் முதல் முறை போகும்போது தோழியோடு போங்கள், ஒன்றிரண்டு நடைக்குப் பிறகு இடம் பழகிவிடும். முதல் நாளே லென்ஸ் விற்கப் பார்க்கும் ஆள், ஆயிரக்கணக்கில் முன்பணம் கேட்கும் பட்டறை, நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு கலந்துகொள்பவர்கள் எல்லோருக்கும் சான்றிதழ் தரும் போட்டி, இவை வேண்டாம். உங்கள் படத்தில் எது சரியில்லை என்று முகத்துக்கு நேரே, மரியாதையாகச் சொல்கிறவர்கள் இருக்கும் குழுவை விடாதீர்கள்.

கேமராவை நீட்டுமுன் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். காசிமேட்டில் வலை இழுத்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், "எல்லாரும் எடுக்கறீங்க, ஒருத்தரும் குடுக்கறதில்ல" என்றார். அதிலிருந்து அடுத்த முறை போகும்போது பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போகிறேன், ஒன்றுக்குப் பத்து இருபது ரூபாய் ஆகிறது. இப்போது அந்த அண்ணனே "வா, இந்தப் பக்கம் நில்லு, வெளிச்சம் நல்லாருக்கும்" என்று இடம் காட்டுகிறார். கோயிலுக்குள் மொபைலும் கூடாது என்று 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது, அதனால் தெருவோடும் தேரோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். மாமல்லபுரம் சிற்பங்கள் இருக்கும் இடத்தில் கேமராவைக் கையில் பிடித்து எடுக்கலாம், ஸ்டாண்ட் என்றால் தொல்லியல் துறை அனுமதி வேண்டும். துறைமுக எல்லைக்குள் எடுக்கவே முயலாதீர்கள்.

மேக்ரோவைக் கடைசியில் 5,000 ரூபாய்க்கு விற்றேன், குழுவில் ஒரு கல்லூரிப் பையனிடம். இடது பக்கம் மங்கும், எதிர்வெளிச்சத்தில் மூட்டமாக வரும் என்று படங்களோடு சொல்லித்தான் கொடுத்தேன். அவனுக்கு அந்த மூட்டம்தான் வேண்டுமாம், மாலை வெயிலில் முகங்கள் எடுக்கிறான், நன்றாகவே இருக்கின்றன. வந்த பணத்தில் இன்னொரு காற்றுப்புகாத டப்பாவும் இரண்டு மீட்டரும் வாங்கினேன். ஒரு மீட்டர் அப்பாவின் அறையில் இருக்கிறது. காலையில் பேப்பர் படித்ததும் அவரே எண்ணைப் படித்துச் சொல்கிறார். 65-ஐத் தாண்டினால், "டப்பாவப் பாரும்மா" என்று அடுப்படிவரைக்கும் குரல் வருகிறது.